இரைச்சல் போன வீடு

அலெப்போ, ஜமீலியா
25 அக்டோபர் 1965

நுஹாவின் தாய் ஸனிய்யாவுக்கு,

உனக்கும் மகளுக்கும் மாப்பிள்ளைக்கும், முகம் பார்க்காத என் பேரனுக்கும் சலாம். குழந்தை பிறந்து நாற்பது நாள் கூட இருந்துவிட்டு வருகிறேன் என்று போனாய், அதற்கு மேலும் பத்து நாள் ஆகிவிட்டது. இரண்டு வியாழக்கிழமைகள் பஸ் நிலையத்துக்கு வந்து நின்றேன். டமாஸ்கஸ் பஸ்ஸிலிருந்து எல்லோரும் இறங்கினார்கள், உன்னைத் தவிர. குழந்தைக்கு உடம்புக்கு ஏதாவதா? நுஹாவுக்கா? ஒரு வரி எழுதியிருக்கலாமே.

இங்கே எல்லாம் நலம். கத்தரிக்காய் ஊறுகாய் ஜாடி எங்கே என்று தெரியவில்லை. அதுவரை ரொட்டியும் பாலாடைக்கட்டியுமாக ஓடுகிறது.

உனக்கு ஒரு நல்ல செய்தி. நீ கிளம்பியபோது ஆம்ப்ளிஃபயர் வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. ரேடியோ மெக்கானிக் ஸெத்ராக் இன்னும் அதைத் திருகிக்கொண்டே இருந்தான். இப்போது முழுதாக முடித்துவிட்டான். பழைய ரேடியோ பெட்டியைப் பரணில் போட்டாயிற்று. ஆர்மீனியனுக்கு இத்தனை வருடமாகியும் நம் பேச்சில் ஆண்பால் பெண்பால் பிடிபடவில்லை. "வால்வு நாலும் சிவக்கிற வரைக்கும் பொறுங்க, அபு நுஹா. முதல்ல அவன் சூடாகணும், அப்புறம்தான் அவள் பாடுவான்" என்றான். பாடினான், ஸனிய்யா! ஊத் தந்திகளை மீட்டுகிறவரின் நகம் மரத்தில் உரசுவது கேட்கிறது. பாடகர் அடுத்த வரிக்கு முன்னால் உதட்டை நனைத்துக்கொள்வது கேட்கிறது. இருபது வருடமாகப் பாட்டைக் கம்பளிக்குள் சுற்றி வைத்துத்தான் கேட்டிருக்கிறோம்.

நாற்காலிக்குச் சரியான இடம் கண்டுபிடித்துத் தரையில் சாக்பீஸால் குறித்துவிட்டேன். சுவர்க் கடிகாரம் டிக் டிக் என்று தொல்லை செய்தது, கழற்றிவிட்டேன். ஒன்றுதான் விளங்கவில்லை. பாட்டுக் கேட்க வரும் வெள்ளிக்கிழமைக் கூட்டம் கரைந்துவிட்டது. சோப்பு வியாபாரி அபு ஸுப்ஹி ஒரு நாள் வழக்கம்போல் நல்ல இடம் வந்ததும் "ஆ! அல்லாஹ்!" என்று கத்தினார். "கொஞ்சம் சும்மா இருங்க, அந்தச் சுரத்தோட வால் கேக்க வேணாமா?" என்றேன், அவ்வளவுதான். அடுத்த வெள்ளி அவருக்குச் சளி. அதற்கடுத்த வெள்ளி விருந்தாளி. உலகத்திலேயே நல்ல சத்தம் என் வீட்டில் இருக்கிறது, கேட்கத்தான் ஆள் இல்லை.

வருகிற வியாழன் வந்துவிடு.

புர்ஹான்

*

டமாஸ்கஸ்
4 நவம்பர் 1965

நுஹாவின் தந்தைக்கு,

சலாம். ஊறுகாய் ஜாடி அரிசிப் பானைக்குப் பின்னால், நீல மூடி. மேலே எண்ணெய் குறைந்திருந்தால் ஊற்றுங்கள், இல்லாவிட்டால் பூசணம் பிடிக்கும்.

குழந்தை நலம். வயிற்று வாயுவில் சாயங்காலம் ஒரு மணி நேரம் கத்துகிறான், பிறகு சுல்தான் மாதிரி தூங்குகிறான். மூக்கு உங்களுடையது. நுஹாவும் நலம்.

எழுதாதது தப்புதான். என்ன எழுதுவதென்று தெரியாமல் தள்ளிப்போட்டேன். உள்ளதைச் சொல்கிறேன். அந்த முதல் வியாழக்கிழமை பஸ் நிலையத்துக்குப் போனேன். பையை ஓட்டுநர் மேலே ஏற்றிக் கட்டியும்விட்டார். எனக்கு ஏறக் கால் வரவில்லை. "அம்மா, ஏறுறீங்களா இல்லையா? ஜனங்க காத்திருக்காங்க" என்றார். பையை இறக்கித் தரச் சொல்லித் திரும்பி வந்தேன். நுஹாவிடம் தலைசுற்றல் என்றேன். தலை சுற்றவில்லை.

நீங்கள் ஒன்றும் செய்யவில்லை. கை நீட்டினீர்களா, திட்டினீர்களா, ஒன்றும் இல்லை. அதனால்தான் எனக்கே குழப்பம். ஆம்ப்ளிஃபயர் வந்த பிறகு அந்த மூன்று வாரமும் உங்களோடு உட்கார்ந்தபோது கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. சமையலுக்குத் திராட்சை இலை சுருட்டினால் இலை சத்தம். பீன்ஸ் உரித்தால் பீன்ஸ் சத்தம். ஒரு தடவை எச்சில் விழுங்கினேன், திரும்பிப் பார்த்தீர்கள்.

இங்கே நுஹாவின் சமையலறையில் ஒரு உடைந்த ரேடியோ இருக்கிறது, ரப்பர் பட்டை போட்டுக் கட்டியது. பாதி பாட்டு, பாதி பொரிகிற சத்தம். நீங்கள் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வீர்கள். நான் அதன் பக்கத்தில் நன்றாகத்தான் இருக்கிறேன்.

கோபப்படாதீர்கள். கொஞ்ச நாள் விடுங்கள்.

ஸனிய்யா

*

அலெப்போ
12 நவம்பர் 1965

ஸனிய்யா,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். விழுங்கினதற்கா வீட்டை விட்டுப் போவார்கள்? நான் திரும்பிப் பார்த்தது எனக்கு ஞாபகமே இல்லை. உனக்கும் ஒரு நல்ல நாற்காலி வாங்கி என் நாற்காலி பக்கத்தில் போட்டிருக்கிறேன், பச்சை மெத்தை வைத்தது. இலை சுருட்டு, பீன்ஸ் உரி, வாதுமைக் கொட்டையைச் சுத்தியலால் உடைத்தாலும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

இதை எழுதி முடித்துவிட்டுத் தபாலில் போடவிருந்தேன். அதற்குள் வேறொன்று நடந்துவிட்டது. நீ பக்கத்தில் இல்லாமல் இதை யாரிடம் கேட்பது?

ஏழு வருடத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமைப் பிற்பகல் ஷேக் தய்யிப் நம் வீட்டில் பாடினாரே, நான் ஜெர்மன் டேப் ரெக்கார்டரில் பதிந்தேனே, அந்தச் சுருளை இன்று முதல் தடவையாக ஆம்ப்ளிஃபயரில் போட்டேன். ஸபா ராகத்தில் உச்சிக்கு ஏறி, சட்டென்று நிறுத்தி, ஐந்து விநாடி மௌனமாக இருப்பார். அந்த மௌனத்தைப் பற்றி நான் ஊரெல்லாம் பேசியிருக்கிறேன். "மூச்சு வாங்கறதையே பாட்டாக்கினவர் அவர் ஒருத்தர்தான்" என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்!

அது மௌனம் இல்லை, ஸனிய்யா. அதற்குள் ஒரு பெண் பாடுகிறாள்.

தூரத்திலிருந்து வருகிறது. மைக்கைக் கூடத்து நிலைப்படி பக்கத்தில் வைத்திருந்தேன், சமையலறைத் தாழ்வாரத்தின் பக்கமாக. ஷேக் விட்ட இடத்தில் அவள் பிடிக்கிறாள். அவர் போகத் துணியாத ஒரு வளைவில் இறங்குகிறாள். இறங்கி முடிப்பதற்குள் ஓர் ஆண் குரல் கிசுகிசுக்கிறது, "ஸ்ஸ்! அந்தக் கதவைச் சாத்துங்க!" கதவு சாத்துகிற சத்தம். பிறகு ஷேக் மறுபடி தொடங்குகிறார், அவள் இறங்கிய அதே வளைவில்.

கதவைச் சாத்தச் சொன்ன குரல் என்னுடையது. அதில் சந்தேகம் இல்லை. அவள் யார்?

ஸெத்ராக்கைக் கூப்பிட்டேன். "வால்வு பெட்டி சில சமயம் ரேடியோ ஸ்டேஷனைப் பிடிச்சு இழுக்கும். கெய்ரோவிலேர்ந்து யாராவது வந்திருப்பான்" என்றான். வந்திருப்பானா வந்திருப்பாளா என்று கேட்டேன். "ரெண்டும் ஒண்ணுதானே" என்றான்.

அது நீயா?

புர்ஹான்

*

டமாஸ்கஸ்
18 நவம்பர் 1965

நுஹாவின் தந்தைக்கு,

நான் இல்லை. அன்றைக்கு முப்பது பேருக்குச் சமைத்தேன். பாட எனக்கு நேரம் ஏது? ஸெத்ராக் சொன்னதுதான் சரி, கெய்ரோவாக இருக்கும். இல்லாவிட்டால் பக்கத்து மாடியில் யாராவது பாடிக்கொண்டே துணி உலர்த்தியிருப்பார்கள்.

அதை வேறு யாருக்கும் போட்டுக் காட்டினீர்களா?

குழந்தைக்கு இருமல். இந்த வாரமும் வர முடியாது.

ஸனிய்யா

*

அலெப்போ
27 நவம்பர் 1965

ஸனிய்யா,

நீ இல்லை என்று எழுதினாய். நீ பொய் சொல்லிப் பார்த்ததில்லை, அதனால் நம்பினேன். கெய்ரோ என்றே வைத்துக்கொண்டு அதை விரட்டப் பார்த்தேன். ஸெத்ராக் வால்வுகளை மாற்றினான். தண்ணீர்க் குழாயிலிருந்து ஒரு கம்பி இழுத்துப் பெட்டியில் கட்டினான். பகலில் போட்டோம், சாயங்காலம் போட்டோம். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில், அதே வளைவு. ரேடியோ ஸ்டேஷன் என்றால் நான் சுருளைப் போடும் நேரத்துக்கா காத்திருந்து பாடும்? கடைசியில் ஸெத்ராக்கே கையை விரித்தான். "அபு நுஹா, இவன் டேப்புக்குள்ளதான் இருக்கா. பெட்டி சேர்க்கலை. பெட்டி துணியை விலக்குச்சு, அவ்வளவுதான்."

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நேற்று வெள்ளிக்கிழமை. அபு ஸுப்ஹியின் கையைக் காலைப் பிடித்து வரவழைத்தேன். ஷேக் தய்யிபுக்கும் ஆள் அனுப்பினேன். எழுபது வயதாகிவிட்டது அவருக்கு, ஆனாலும் மாடிப்படி ஏறி வந்தார். சுருளைப் போட்டேன். அந்த இடம் வந்தது. அபு ஸுப்ஹி "ஆ!" என்று தொடையில் அடித்துக்கொண்டார். நான் அவரை அடக்கவில்லை. எத்தனையோ வாரத்துக்குப் பிறகு இந்த அறையில் எழுந்த முதல் மனிதச் சத்தம் அதுதான்.

"ஷேக், இது யாரு?" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "தெரியாமத்தான் கேக்குறியா?"

"அல்லாஹ் மேல ஆணையா தெரியாது. நீங்க மூச்சு வாங்க நிறுத்தின இடம்னுதான் நெனச்சிருந்தேன்."

"மூச்சு வாங்கவா? கேக்கத்தான்யா நிறுத்தினேன்! அந்தம்மா எந்த வழியா எறங்கறாங்கன்னு பாத்துட்டுப் போகலாம்னு இருந்தேன். முழுசாக் கேக்க விடாம நீ கதவைச் சாத்திட்ட. கெடச்ச பாதியை வச்சுத்தான் நான் முடிச்சேன்."

"எந்தம்மா?"

"உன் வீட்டம்மாதான். அப்புறம் என் பெண்டாட்டி சொன்னா. பொம்பளைங்க ஒண்ணு கூடுற நாள்ல அவங்க பாடாம ஒருத்தியும் எடத்தை விட்டு எந்திரிக்க மாட்டாளாமே."

அபு ஸுப்ஹி பக்கம் திரும்பினேன். மனிதர் காபிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு, "எனக்கும் தெரியும். எங்க வீட்லயும் சொல்லிருக்காங்க. உனக்குத் தெரியாதுங்கறதுதான் எனக்குத் தெரியாது" என்றார்.

ஸனிய்யா, எனக்கு ஒன்றும் புரியவில்லை. இந்த ஊரில் ஒருவன் மேடை ஏறினால் முதல் வரிசையில் என் முகத்தைத்தான் பார்ப்பான், நான் தலையசைக்கிறேனா என்று. முப்பத்தோரு வருடம் ஒரே கூரை. ஊரில் பாதிப் பேர் உன் பாட்டைக் கேட்டிருக்கிறார்கள். நான் எங்கே இருந்தேன்? நீ ஏன் சொல்லவில்லை? போன கடிதத்தில் ஏன் இல்லை என்றாய்?

புர்ஹான்

*

டமாஸ்கஸ்
3 டிசம்பர் 1965

நுஹாவின் தந்தைக்கு,

முதலில் கோபத்தை எழுதிவிடுகிறேன், மற்றது பிறகு. யாரைக் கேட்டு என் குரலை ஆம்பிளைகளுக்குப் போட்டுக் காட்டினீர்கள்? வேறு யாருக்காவது காட்டினீர்களா என்று நான் கேட்டேன். அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று ஒரு நிமிடம் யோசித்தீர்களா? அன்றைக்குக் கதவைச் சாத்தும்போதும் என்னைக் கேட்கவில்லை. இப்போது திறந்துவிடும்போதும் கேட்கவில்லை. மூக்குக் கண்ணாடிக் கடை வைத்து ஊரார் கண்ணையெல்லாம் சோதிக்கிறீர்கள், பக்கத்தில் இருப்பது தெரியவில்லை.

ஆம், நான்தான். பொய் சொன்னேன். நான் என்று எழுதினால் நீங்கள் உடனே ஷேக்கைக் கூப்பிட்டு வந்து காட்டுவீர்கள் என்று பயந்தேன். நான் சொல்லாமலே அதைத்தான் செய்தீர்கள்.

ஏன் சொல்லவில்லை என்கிறீர்கள். சொன்னேன். கல்யாணமான முதல் வருடம், மாடியில் துணி உலர்த்திக்கொண்டு பாடினேன். நீங்கள் படியேறி வந்து கேட்டீர்கள். கேட்டுவிட்டு, "நாலாவது சுரம் இன்னும் எறங்கணும். ஸபான்னா அங்கதான் அழணும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனீர்கள். திட்டவில்லை. நீங்கள் சொன்னது சரியும்கூட, அதன் பிறகு அந்தச் சுரத்தை நான் சரியாகத்தான் பிடிக்கிறேன். ஆனால் உங்கள் காதுக்கு எட்டுகிற இடத்தில் மறுபடி பாட வரவில்லை. பத்தொன்பது வயது எனக்கு. அதற்குப் பிறகு பெண்கள் கூடும் நாட்களில் பாடினேன். அங்கே ஒருத்தியும் சுரம் எண்ண மாட்டாள். அழுவார்கள், அல்லது ஈரத் துணி மாதிரி என் கையைப் பிடித்துத் திருகுவார்கள், இன்னொன்று பாடு என்று.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரியாது. இத்தனை வருடமும் சாயங்காலம் நாம் இருவரும் அந்தப் பழைய ரேடியோவைக் கேட்டோமே, அப்போதெல்லாம் நான் கூடவே பாடினேன். அதன் கரகரப்பு இருந்ததே, மழை மாதிரி, அதற்கடியில் தணிந்த குரலில் பாடினால் உங்களுக்குக் கேட்காது. நீங்கள் தலையாட்டுவீர்கள். பாடகருக்காகத்தான் ஆட்டினீர்கள். பாதி எனக்கு என்று நானாக எடுத்துக்கொள்வேன். ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லை.

அப்புறம் ஸெத்ராக் பெட்டி வந்தது. கரகரப்பு போய்விட்டது. முதல் நாள் வாயைத் திறந்தேன், என் மூச்சே அறை முழுக்கக் கேட்டது. மூடிக்கொண்டேன். மூன்று வாரம் ஊமையாக உட்கார்ந்திருந்தேன். பஸ்ஸில் ஏறக் கால் வராதது இதற்குத்தான் போலிருக்கிறது. இதை எழுதும்போதுதான் எனக்கே தெரிகிறது. போன மாதம் நீங்கள் கேட்டிருந்தால் வேறு ஏதாவது சொல்லியிருப்பேன்.

அந்தச் சுருளை எனக்கு அனுப்பிவிடுங்கள். இன்னொன்று பதிந்து வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஸனிய்யா

*

அலெப்போ
16 டிசம்பர் 1965

ஸனிய்யா,

சுருளைத் தபாலில் அனுப்ப மனம் வராமல் நானே டமாஸ்கஸுக்குக் கொண்டுவந்தேன். நீ கதவைத் திறந்து, "ஏன் இவ்வளவு தூரம்? யார்கிட்டயாவது குடுத்தனுப்பியிருக்கலாமே" என்றாய். "யார்கிட்டயும் குடுக்கக் கூடாதுன்னுதானே சொன்ன" என்றேன். வாங்கி, குழந்தைத் துணிப் பெட்டியில் அடியில் வைத்து மூடினாய். அதன் பிறகு இரண்டு நாள் நாம் பேசியதெல்லாம் சாப்பாடு, அடுப்பு எண்ணெய், மாப்பிள்ளையின் முதுகு வலி. மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன். உன் முகத்தைப் பார்த்ததும் எந்தக் குற்றத்திலிருந்து தொடங்குவதென்று தெரியவில்லை. மாடியில் சொன்னதிலிருந்தா, கதவிலிருந்தா, ஷேக்கிலிருந்தா? இப்போது எழுதுகிறேன்: மூன்றுக்கும் சேர்த்து மன்னித்துவிடு. அன்றைக்கு மாடியில் நான் பெரிய ரசிகன் என்று காட்டிக்கொள்ள நினைத்தேன். எனக்கு வயது இருபத்து நான்கு. இன்னொன்று பதியவில்லை. ஸெத்ராக், "இப்படிப்பட்டவனை அழிய விடலாமா" என்று கெஞ்சினான். மறுத்துவிட்டேன்.

நான் கிளம்பிய காலையில் நீ குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாய். நான் கூடத்தில் காபியோடு இருந்தேன். உள்ளேயிருந்து பாட்டு வந்தது. நுஹா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சத்தமில்லாமல் திரும்பிப் போனாள். தெருவில் வண்டிக்காரன் கிழங்கு விற்றுக்கொண்டு போனான், குழந்தை தண்ணீரைக் காலால் அடித்தான், எல்லாவற்றோடும் சேர்ந்து வந்தது. என்ன ராகம் என்று கேட்டால் இப்போதும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு இடத்தில் "ஆ" என்று தொண்டை வரை வந்தது. சொன்னால் நிறுத்திவிடுவாயோ என்று பயம். சொல்லாவிட்டால், முன்பு போலவே கேட்காமல் உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைப்பாயோ என்றும் பயம். கோப்பையைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

வந்ததிலிருந்து ஆம்ப்ளிஃபயரைப் போடவில்லை. அதன் மேல் கோபம் இல்லை, அது என்ன செய்யும்? எதைக் கேட்பதென்று தெரியவில்லை. ஸெத்ராக் வந்து தொட்டுப் பார்த்து, "சில்லுன்னு கிடக்கானே! செத்துட்டாளா?" என்றான்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. அன்று காலை நீ பாடியது எனக்காகவா?

புர்ஹான்

*

டமாஸ்கஸ்
20 டிசம்பர் 1965

நுஹாவின் தந்தைக்கு,

குழந்தைக்காகத்தான் பாடினேன். குளிப்பாட்டினால் குளிரும், கதவைச் சாத்திக்கொள்வதுதான் வழக்கம். அன்றைக்குச் சாத்தவில்லை. யாருக்காக என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். தெரியவில்லை.

நீங்கள் கிளம்பியதும் உங்கள் கோப்பையை எடுத்தேன். காபி அப்படியே இருந்தது, ஆறிப்போய். அதை நுஹாவிடம் கொடுக்காமல் நானே கழுவினேன்.

மன்னிப்பைப் பற்றி நேரில் பேசிக்கொள்ளலாம். மூன்றில் இரண்டை இப்போதே விட்டுவிட்டேன், எந்த இரண்டு என்று கேட்காதீர்கள்.

ரமலான் பிறக்கப்போகிறது. இந்த வியாழக்கிழமை பஸ் ஏறுகிறேன். ஆம்ப்ளிஃபயர் இருக்கட்டும், எனக்காக எதையும் பரணில் ஏற்ற வேண்டாம். வந்த அன்றே பாடச் சொல்லாதீர்கள். அடுத்த நாளும் சொல்லாதீர்கள். என்றைக்காவது நானாகப் பாடினால், ஏதாவது ஒரு சத்தம் போடுங்கள். பிடித்தாலும் சரி, பிடிக்காவிட்டாலும் சரி. அன்றைக்குக் கூடத்திலிருந்து ஒரு சத்தமும் வராமல் போனதில், நீங்கள் எழுந்து போய்விட்டீர்கள் என்று நினைத்துத்தான் நான் கடைசி வரை பாடினேன்.

ஸனிய்யா